கோரக்கர் மூலியும் தலைக்காயமும்: விருதுநகர்ச் சீமையை முன்வைத்து ஒரு மருந்தின் வரலாறு

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், சித்தர்கள் உறையும் மலை என்று மக்கள் நம்பும் சதுரகிரி நிற்கிறது; அதற்குக் கிழக்கே, மழை குறைந்த கரிசல் நிலத்தில், சிவகாசியையும் சாத்தூரையும் வெம்பக்கோட்டையையும் சூழ்ந்து பட்டாசு ஆலைகள் பரவிக் கிடக்கின்றன. முன்னது மூலிகை மருத்துவத்தின் நினைவைச் சுமக்கும் இடம். பின்னது வெடிவிபத்துகளில் தொழிலாளர்கள் உயிரையும் உறுப்பையும் தொடர்ந்து இழந்துவரும் இடம். அடிபட்ட மூளையைக் காக்கும் மருந்து ஒன்றைக் கஞ்சாச் செடியிலிருந்தோ அதன் வேதிப்பொருள்களைப் பின்பற்றியோ உருவாக்க முடியுமா என்று உலகின் ஆய்வகங்கள் கேட்டுவரும் கேள்வி இவ்விரு இடங்களையும் ஒருசேரத் தொடுகிறது. அதற்கு விடை தேடுவோர் செடியின் மருத்துவ வரலாறு, அதை ஆண்ட சட்டத்தின் வரலாறு, காயத்தை உண்டாக்கும் தொழிலின் வரலாறு ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது: இச்செடியைப் பற்றிய நம்பிக்கையும் அச்சமும் மாறி மாறி ஆட்சி செய்திருக்கின்றன, அளந்து சோதித்து முடிவு சொன்ன தருணங்கள் மிகச் சிலவே, அந்தச் சில முடிவுகளே காலத்தைத் தாண்டி நின்றிருக்கின்றன.

மலையும் மூலியும்

தமிழ்நாட்டுச் சித்த மருத்துவத்துக்குக் கஞ்சா அயலான பொருள் அன்று. மருந்துப் பொருள்களைத் தாவரம், தாது, சீவம் என மூன்றாகப் பகுத்து, ஒவ்வொன்றின் சுவை, வீரியம், விபாகம் ஆகியவற்றை, அதாவது நாவில் தோன்றும் ருசியையும் உடலில் அது காட்டும் வெப்ப தட்பத் தன்மையையும் செரித்தபின் அது அடையும் மாற்றத்தையும், விளக்கும் குணபாட நூல்கள் தாவரப் பிரிவில் அதற்கு இடமளித்தன. கோரக்கர் மூலி, சிவமூலி என்ற பெயர்களும் அதற்கு வழங்கின. கோரக்கர் பதினெண் சித்தருள் ஒருவராக எண்ணப்படுபவர். தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து சுந்தரமகாலிங்கம் கோயிலுக்கு ஏறும் சதுரகிரிப் பாதையில் அவர் பெயரால் ஒரு குகை இன்றும் காட்டப்படுகிறது. சித்தர்களின் காலத்தை உறுதியாக நிறுவ இவ்வகை வழக்குகள் சான்றாகா; ஆயினும், மலை, சித்தர், மூலிகை ஆகியவற்றை ஒன்றாகப் பிணைத்துப் பார்க்கும் மனநிலை இந்த வட்டாரத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை அவை காட்டுகின்றன.

வலி, இசிவு, தூக்கமின்மை, பசியின்மை, நாட்பட்ட வயிற்றுப்போக்கு முதலியவற்றுக்கான கூட்டு மருந்துகளில் இச்செடியின் இலையும் பூவும் சேர்க்கப்பட்டன. மதனகாமேசுவர லேகியம் இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. ஆனால் பறித்த இலையை அப்படியே மருந்தாக்கும் வழக்கம் சித்த மருத்துவத்துக்கு உடன்பாடானதன்று. நச்சுத்தன்மையைக் குறைப்பதற்காகப் பொருளை நீரில் பலமுறை கழுவுவதும் பாலில் வேகவைப்பதும் போன்ற முன்னேற்பாடுகளைச் சுத்தி என்று மருத்துவர்கள் வழங்கினர். மருந்தோடு சேர்த்து உட்கொள்ள வேண்டிய பால், தேன், நெய் போன்ற துணைப்பொருளை அனுபானம் என்றனர். அளவும் காலமும் நோயாளியின் உடல்வன்மைக்கு ஏற்ப வரையறுக்கப்பட்டன. அச்செடியை ஒரே சமயத்தில் மருந்தாகவும் நஞ்சாகவும் பார்த்த இந்த எச்சரிக்கை பின்னர் சட்டத்திலும் இடம்பெற்றது: 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளில், மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ளத்தக்க நச்சுப்பொருள்களைப் பட்டியலிடும் அட்டவணை, சித்த மருத்துவப் பிரிவில் அபினி, எட்டி, ஊமத்தை ஆகியவற்றோடு கஞ்சாவையும் சேர்த்திருக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தலையில் விழுந்த அடிக்கும் அதனால் வந்த மயக்கத்துக்கும் சிகிச்சை அளிக்கும் பொறுப்பு தென்மாவட்டங்களில் பெரும்பாலும் வர்ம ஆசான்களிடம் இருந்தது. வர்மத் தலங்களைத் தூண்டி உணர்வை மீட்கும் இளக்குமுறை, மூக்கின் வழியே மருந்து செலுத்தும் நசியம், எண்ணெய் தடவுமுறை ஆகியவை அவர்களுடைய வழிகள். தலைக்காயத்தின் மருந்தாகக் கஞ்சா பேசப்படுவது இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மூலக்கூறு ஆய்வகங்களில் உருவான எண்ணம். சித்தர்கள் சொன்னதை அறிவியல் இப்போது மெய்ப்பித்துவிட்டது என்று சொல்வது அதனால் சித்த மருத்துவத்துக்கும் நியாயம் செய்யாது, அறிவியலுக்கும் நியாயம் செய்யாது.

கல்கத்தாவின் சோதனைக்கூடம்

ஐரோப்பிய மருத்துவம் கஞ்சாவை அறிந்துகொண்டதில் கல்கத்தாவுக்கு முன்பே சென்னைக்குப் பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான வைட்லா ஐன்ஸ்லி, தென்னிந்தியக் கடைவீதிகளில் கிடைத்த மருந்துச் சரக்குகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிப் பெயர்களோடு தொகுத்து 1813இல் சென்னையில் ஒரு நூலை வெளியிட்டார். 1826இல் லண்டனில் விரிவாக்கி வெளியிட்ட பதிப்பில் கஞ்சாவையும் அதன் இலையிலிருந்து செய்யும் பங்கியையும் விவரித்தார். ஐன்ஸ்லி செய்தது தொகுப்பு. சோதனை அதற்குப் பின்னர் வந்தது.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த அயர்லாந்துக்காரரான வில்லியம் புரூக் ஓ’ஷாஹ்னெசி, 1839இல் வெளியிட்ட ஆய்வுரையில், நாட்டு மருத்துவர்களிடமும் நூல்களிலும் கேட்டறிந்ததைத் தொகுத்ததோடு நில்லாமல், கஞ்சாப் பிசினை முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அதன்பின் கீல்வாதம், இசிவுநோய், வாந்திபேதி, வெறிநாய்க்கடி, குழந்தை வலிப்பு ஆகியவற்றால் வருந்திய நோயாளிகளுக்குக் கொடுத்து விளைவுகளைப் பதிவுசெய்தார். வலிப்பும் இசிவும் தணிவதை அவர் கண்டார். அளவு மீறினால் பிதற்றல் வருவதையும் மறைக்காமல் எழுதினார். நரம்பு மண்டலத்தின் கொந்தளிப்பை இச்செடி அடக்கக்கூடும் என்ற கருத்து நவீன மருத்துவ இலக்கியத்தில் நுழைந்தது அவ்வாய்வின் வழியாகத்தான். பின்னாளில் இந்தியாவின் தந்திக் கம்பிவழியை நிறுவியவரும் அவரே.

அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் கஞ்சாச் சாறு மேற்கத்திய மருந்துக் கடைகளில் விற்கப்பட்டது. இந்தியாவுக்கென 1868இல் வெளியான மருந்துநூலுக்குச் சென்னையைச் சேர்ந்த முகைதீன் ஷெரீப் 1869இல் எழுதிய துணைநூல், நாட்டுச் சரக்குகளின் பெயர்க் குழப்பங்களைத் தீர்த்து, அவற்றை முறைப்படுத்தும் பணியை முன்னெடுத்தது. ஆனாலும் கஞ்சா மருந்துக்கு ஒரு தீராத குறை இருந்தது: வயலுக்கு வயல், பருவத்துக்குப் பருவம் அதன் வீரியம் மாறியது, நீரில் கரையாததால் ஊசிவழி செலுத்த முடியவில்லை, எந்த வேதிப்பொருள் வேலை செய்கிறது என்பதே தெரியாததால் அளவை நிலைப்படுத்த இயலவில்லை. ஒரே அளவைக் குடித்த இருவரில் ஒருவருக்குப் பலனின்றியும் மற்றவருக்கு மயக்கமாகவும் முடிந்த மருந்தை மருத்துவர்கள் மெல்லக் கைவிட்டனர். மார்பின் ஊசியும் ஆஸ்பிரினும் அதன் இடத்தைப் பிடித்தன. பிரிட்டிஷ் மருந்துநூல் 1932இலும் அமெரிக்க மருந்துநூல் 1942இலும் கஞ்சாவை நீக்கின.

ஆணையம் கேட்ட சாட்சியங்கள்

மருத்துவர்களின் ஆர்வம் குறைந்துகொண்டிருந்த அதே காலத்தில் ஆட்சியாளர்களின் அச்சம் வளர்ந்தது. கஞ்சா பைத்தியத்தையும் குற்றத்தையும் விளைவிக்கிறது என்ற குற்றச்சாட்டு லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்ததைத் தொடர்ந்து, இந்திய அரசு 1893 ஜூலையில் மேக்வொர்த் யங் தலைமையில் இந்தியக் கஞ்சா மருந்துகள் ஆணையத்தை அமைத்தது. மூன்று இந்தியர் உட்பட ஏழு உறுப்பினர்கள் கொண்ட அவ்வாணையம் மாகாணந்தோறும் சென்று 1,193 பேரிடம் சாட்சியம் பெற்று, 1894இல் பல தொகுதிகளாக விரிந்த அறிக்கையை அளித்தது. இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர்ப் பகுதிகள் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. அவை இராமநாதபுரம் மாவட்டத்துக்கு மாறியது 1910இல். சென்னை மாகாணத்தின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் கஞ்சா, 1886ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டத்துக்கு, அதாவது மது மற்றும் போதைப்பொருள்கள் மீதான தீர்வைச் சட்டத்துக்கு, உட்பட்ட சரக்காக இருந்தது. மாகாணத்தில் அது பெருமளவில் விளைந்த இடங்கள் கிருஷ்ணா மாவட்டத்தின் தக்குபாடு வட்டாரமும் வடஆர்க்காட்டின் ஜவ்வாது மலையும் ஆகும்.

ஆணையத்தின் பணியில் இன்றைக்கும் படிப்பினையாக நிற்பது மனநோய்க் காப்பகப் பதிவேடுகளை அது ஆராய்ந்த முறை. கஞ்சாவால் பைத்தியம் பிடித்தவர் என்று பதியப்பட்டவர்களின் வரலாற்றை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தபோது, காரணம் என்ற கட்டத்தைப் பெரும்பாலும் மருத்துவர்கள் நிரப்பவில்லை என்பதும், நோயாளியை அழைத்துவந்த காவலர்கள் சொன்னதே விசாரணையின்றி எழுதப்பட்டது என்பதும், பல நேர்வுகளில் கஞ்சாவுக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்பதும் தெரியவந்தன. மிதமான பயன்பாடு பெரும்பாலோருக்குக் குறிப்பிடத்தக்க கேடு விளைப்பதில்லை என்றும், மிகையான பயன்பாடு தீங்கானது என்றும், ஏற்கெனவே நிலைகுலைந்த மனத்தை அது மேலும் கெடுக்கக்கூடும் என்றும் ஆணையம் முடிவு கூறியது. முழுத் தடையை அது பரிந்துரைக்கவில்லை; உரிமம் பெற்ற சிறு பரப்பில் மட்டும் பயிர்செய்வது, விளைந்ததை அரசுக் கட்டுப்பாட்டுக் கிடங்கில் சேர்ப்பது, எடைக்கு ஏற்ப வரி விதிப்பது, சில்லறை விற்பனையை வரையறுப்பது ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. அரசுக்கு அதில் வரி வருவாயின் நாட்டம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆயினும், குற்றச்சாட்டை ஏற்பதற்கு முன் அதன் சான்றை எடை போட வேண்டும் என்ற நெறியை இச்செடியின் வரலாற்றில் முதன்முதலாகப் பெரிய அளவில் கடைப்பிடித்தது அவ்வாணையமே.

தடையின் நூற்றாண்டு

விடுதலை இயக்கத்தின் அறநோக்கு வேறாக இருந்தது. இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, கள்ளோடும் சாராயத்தோடும் போதைப்பொருள்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. 1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. மதுவால் சீரழிந்த குடும்பங்களைக் கண்டவர்கள் எடுத்த அம்முடிவில் மக்கள்நலன் இருந்தது. ஆனால் கஞ்சாவின் மருத்துவப் பயன் குறித்த கேள்வி அங்கே எழவே இல்லை.

1961இல் ஐக்கிய நாடுகள் அவையின் போதைப்பொருள் ஒப்பந்தம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்து, மருத்துவமும் ஆய்வும் தவிர்ந்த பயன்பாட்டை 25 ஆண்டுகளுக்குள் நிறுத்த நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அக்கெடு முடியும் தறுவாயில், 1985 நவம்பர் 14 முதல், போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை இந்தியா நடைமுறைப்படுத்தியது. பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, இன்றைய விருதுநகர் மாவட்டம் காமராசர் மாவட்டம் என்ற பெயரில் உருவானதும் அதே 1985ஆம் ஆண்டில்தான். பூக்கும் நுனியான கஞ்சாவையும் பிசினான சரஸையும் தடைசெய்த அச்சட்டம், நுனி சேராத இலையையும் விதையையும் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே வைத்தது. மருத்துவத்துக்கும் அறிவியல் ஆய்வுக்கும் விலக்களித்தது. உரிமம் வழங்கிப் பயிர்செய்ய அனுமதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களிடம் கொடுத்தது. சட்டத்தில் திறந்திருந்த இவ்வாயில் நடைமுறையில் நெடுங்காலம் அடைபட்டே கிடந்தது. ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வருசநாடு, கம்பம் பகுதிகள் திருட்டுப் பயிருக்குப் பேர்பெற்று, காவல்துறையின் தொடர் வேட்டைக்கு உள்ளாயின. மறுபுறம், ஆய்வு செய்ய விரும்பிய மருத்துவருக்கோ வேதியியலாருக்கோ சட்டபூர்வமாகச் செடி கிடைப்பது அரிதாயிற்று. அண்மைக் காலத்தில் உத்தராகண்டம் தொழிற்சணல் எனப்படும் கஞ்சா வகைப் பயிருக்கு உரிமம் அளித்ததும், ஜம்முவிலுள்ள மைய அரசின் ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வு நிறுவனம் ஆய்வுக்காகக் கஞ்சா வளர்த்துவருவதும், 2020 டிசம்பர் 2ஆம் நாள் ஐக்கிய நாடுகள் ஆணையம் 27க்கு 25 என்ற வாக்குக் கணக்கில் கஞ்சாவை அக்கடும் பட்டியலிலிருந்து நீக்கியபோது இந்தியா ஆதரவாக வாக்களித்ததும் இந்நிலை மாறத் தொடங்கியதன் அடையாளங்கள்.

கந்தகமும் காயமும்

சிவகாசியின் தொழில் வரலாறும் கல்கத்தாவிலிருந்தே புறப்படுகிறது. பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922இல் அந்நகருக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பி, 1923இல் சிவகாசியில் தொழிலைத் தொடங்கினர். வானம் பார்த்த பூமியில் விளைச்சல் பொய்த்தபோது கூலிக்கு ஆள் எளிதில் கிடைத்ததும், ஈரப்பதம் குறைந்த காற்று மருந்து காய்வதற்கு உகந்ததாக இருந்ததும் அத்தொழிலுக்குத் துணைநின்றன. தீக்குச்சியிலிருந்து மத்தாப்புக்கும், மத்தாப்பிலிருந்து வெடிக்கும் தொழில் நகர்ந்தது. இரண்டாம் உலகப் போர் அயல்நாட்டுப் பட்டாசு வரத்தை நிறுத்தியதும், 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் உரிம முறையைக் கொண்டுவந்ததும் சேர்ந்து, ஆலைத் தொழிலாக அது நிலைபெற வழிசெய்தன. இன்று இந்தியாவின் பட்டாசு உற்பத்தியில் மிகப் பெரும் பகுதி இவ்வட்டாரத்திலிருந்தே செல்கிறது.

வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவற்றைக் கலக்கும் அறையிலும், மருந்து செலுத்தும் அறையிலும், உருண்டையாக்கிய மணிமருந்தைக் காயவைக்கும் மேடையிலும் உராய்வோ வெப்பமோ ஒரு கணம் மிகுந்தால் போதும், விபத்து நேர்ந்துவிடும். அதனால்தான் அறைகளுக்கிடையே இடைவெளியும், அறைக்கு இத்தனை பேர் என்ற வரம்பும், தப்பியோட வாசல்களும் விதிகளில் வற்புறுத்தப்பட்டன. உள்குத்தகைக்கு ஆலையை விட்டு, வரம்பை மீறி ஆளையும் மருந்தையும் அடைக்கும் வழக்கம் அவ்விதிகளை வெறும் தாளாக்கியது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்திலும் பெருந்துயர் நிகழ்ந்தது.

இவ்விபத்துகளில் தீக்காயமே முதலில் கண்ணில் படுகிறது. ஆனால் வெடிகாயத்தை மருத்துவ நூல்கள் நான்காகப் பகுக்கின்றன: காற்றழுத்த அலை நேரடியாக உடலைத் தாக்குவது முதல்வகை, சிதறும் துண்டுகள் குத்துவது இரண்டாம்வகை, உடல் தூக்கியெறியப்பட்டுச் சுவரிலோ தரையிலோ மோதுவது மூன்றாம்வகை, தீ, புகை, நச்சுவாயு முதலியவற்றால் வருவது நான்காம்வகை. இடிந்து விழும் கூரையும் சுவரும் தலையை நசுக்கும் அபாயமும் இவற்றோடு சேர்கிறது. வெளிக்காயம் ஏதுமின்றியே மூளை அதிர்ச்சிக்கு உள்ளாகலாம் என்பதாலும், தீக்காயத்தின் கொடுமை மருத்துவரின் கவனம் முழுவதையும் ஈர்த்துவிடலாம் என்பதாலும், மூளைக்காயம் கவனிக்கப்படாமல் போக இடமுண்டு. உயிர்பிழைத்து வீடு திரும்பியவருக்குப் பின்னர் வரும் தலைவலி, மறதி, வலிப்பு, அடங்காச் சினம், தூக்கக் கேடு ஆகியவை அவருடைய குணக்கேடாகவே குடும்பத்தாராலும் கருதப்பட்டுவிடும். தமிழ்நாட்டில் தலைக்காயங்களில் மிகுதியானவை சாலை விபத்துகளில் நேர்பவை. விருதுநகரையும் சாத்தூரையும் கடந்து செல்லும் தேசிய நெடுஞ்சாலை அச்சுமையையும் இம்மாவட்டத்தின் மீது ஏற்றியிருக்கிறது.

எலிகளில் பிறந்த நம்பிக்கை

தலையில் அடிபட்ட கணத்தில் மூளைத் திசு கிழிவதும் இரத்தம் கசிவதும் முதல்நிலைச் சேதம். அதை எந்த மருந்தாலும் மாற்ற முடியாது. அடுத்த மணிநேரங்களிலும் நாள்களிலும், சிதைந்த நரம்பணுக்களிலிருந்து குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் மிகையாகப் பெருகி அருகிலுள்ள அணுக்களையும் கொல்ல, அழற்சி பரவ, மூளை வீங்கி மண்டையோட்டுக்குள் நெரிபட, இரத்த ஓட்டம் குறைய, அழிவு தொடர்கிறது. இது இரண்டாம்நிலைச் சேதம். மூளையைக் காக்கும் மருந்து என்று ஆய்வாளர்கள் தேடுவது இந்த இரண்டாம் அலையைத் தடுக்கும் பொருளைத்தான்.

கஞ்சா இத்தேடலுக்குள் வந்த வழி நெடியது. இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் 1964இல், மயக்கம் தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினாலை, அதாவது டி.எச்.சி.யை, தூய நிலையில் பிரித்தெடுத்து அமைப்பை விளக்கினர். மயக்கம் தராத கன்னாபிடையாலின் அமைப்பு அதற்குச் சற்று முன்னர் விளக்கப்பட்டது. ஓ’ஷாஹ்னெசி காலத்திலிருந்து மருத்துவரை அலைக்கழித்த அளவுக் குழப்பத்துக்கு முடிவு அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. 1988இல் டி.எச்.சி. பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் கண்டறியப்பட்டன. 1992இல் அனந்தமைடு, 1995இல் 2-ஏஜி என, உடலே சுரக்கும் கஞ்சா நிகர்ப் பொருள்கள் வெளிப்பட்டன. 2001இல் ஜெருசலேம் ஆய்வாளர்கள், தலையில் அடிபட்ட சுண்டெலிகளின் மூளை 2-ஏஜியை மிகுதியாகச் சுரப்பதையும், அதைச் செயற்கையாகத் தயாரித்துச் செலுத்தும்போது வீக்கமும் அணுச்சாவும் குறைவதையும் வெளியிட்டனர். அடிபட்ட மூளை தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குத் துணைசெய்ய முடியும் என்ற நம்பிக்கை அவ்வாறு பிறந்தது.

மனிதரில் நடந்த பரிசோதனை

அந்த நம்பிக்கையை மனிதரில் அளந்து பார்த்த மிகப் பெரிய முயற்சி டெக்சனபினால் என்ற மருந்தைக் கொண்டு நடந்தது. கஞ்சாவின் வேதிப்பொருள்களான கன்னாபினாய்டுகளின் அமைப்பைப் பின்பற்றி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட இப்பொருள் மயக்கம் தருவதில்லை; குளுட்டமேட்டின் மிகைச் செயலைத் தடுக்கும் என்பதே அதன் மீதிருந்த எதிர்பார்ப்பு. விலங்குகளிலும், இஸ்ரேலில் 67 நோயாளிகளிடமும் நடந்த தொடக்க ஆய்வுகள் ஊக்கம் தந்தன. பின்னர் 15 நாடுகளின் 86 மருத்துவ மையங்களில், கடுமையான தலைக்காயம் பட்ட 861 பேர், காயம்பட்ட ஆறு மணிநேரத்துக்குள் மருந்தையோ மருந்தற்ற போலியையோ பெற்றனர்; யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் மறைக்கப்பட்டது. 2006இல் முடிவு வெளியானது: ஆறு மாதத்துக்குப் பின் மோசமான நிலையில் இருந்தோர் மருந்து பெற்றவர்களில் 50 விழுக்காடு, போலி பெற்றவர்களில் 51 விழுக்காடு. மருந்து தீங்கு செய்யவில்லை, பயனும் செய்யவில்லை.

2014இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதி மருத்துவமனை ஒன்றின் பதிவேடுகளிலிருந்து வேறொரு செய்தி வந்தது. தலைக்காயத்தோடு சேர்க்கப்பட்ட 446 பேரில், சிறுநீர்ச் சோதனையில் டி.எச்.சி. காணப்பட்டவர்களில் இறந்தோர் 2.4 விழுக்காடாகவும், காணப்படாதவர்களில் இறந்தோர் 11.5 விழுக்காடாகவும் இருந்தனர். இக்கணக்கே கஞ்சா தலைக்காயத்தைக் குணமாக்கும் என்ற பரவலான பேச்சுக்கு ஊற்றாயிற்று. ஆனால் அந்நோயாளிகளில் எவருக்கும் கஞ்சா மருந்தாகக் கொடுக்கப்படவில்லை. பழைய பதிவேட்டைப் புரட்டிக் கண்ட தொடர்பு, காரணத்தை நிறுவும் சான்றாகாது. 1894ஆம் ஆண்டு ஆணையம் மனநோய்க் காப்பகப் பதிவேட்டை ஏன் அப்படியே ஏற்கவில்லையோ, அதே நியாயம் இங்கும் பொருந்தும்: அன்று பதிவேட்டை நம்பியிருந்தால் கஞ்சா பொய்யாகப் பழிக்கப்பட்டிருக்கும், இன்று நம்பினால் பொய்யாகப் புகழப்படும்.

சோதனையில்லாத நம்பிக்கை எவ்வளவு உயிர்களை விலைகேட்கும் என்பதற்குத் தலைக்காய மருத்துவமே சான்று தந்திருக்கிறது. மூளை வீக்கத்தைக் குறைக்கும் என்று பல்லாண்டுகள் உலகெங்கும் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு மருந்து, 10,008 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில் சோதிக்கப்பட்டு 2004இல் முடிவு வெளியானபோது, இரண்டு வாரத்துக்குள் இறந்தோர் மருந்து பெற்றவர்களில் 21.1 விழுக்காடு, பெறாதவர்களில் 17.9 விழுக்காடு என்று தெரிந்தது. நன்மை செய்வதாக எண்ணிக் கொடுக்கப்பட்டது சாவைக் கூட்டியிருந்தது.

கஞ்சாவிலும் அவ்வகை அபாயம் இல்லாமல் இல்லை. தலைக்காயம் பட்டவரின் நிலையை, கண் திறப்பு, பேச்சு, அசைவு ஆகியவற்றை வைத்து 3 முதல் 15 வரை மதிப்பிடும் கிளாஸ்கோ அளவுகோலால்தான் மருத்துவர் கணிக்கிறார்; டி.எச்.சி. தரும் மயக்கம் அக்கணிப்பையே குழப்பிவிடும். ஏற்கெனவே குன்றிய நினைவாற்றலையும் கவனத்தையும் அது மேலும் குன்றச் செய்யலாம். இளையோரில் மனநோயைத் தூண்டலாம். கன்னாபிடையால், குழந்தைகளுக்கு வரும் சில அரிய வலிப்பு நோய்களுக்கு அமெரிக்காவில் 2018இல் ஒப்புதல் பெற்றது; தலைக்காயத்துக்குப் பின் வரும் வலிப்புக்கு அவ்வொப்புதல் பொருந்தாது; வேறு வலிப்பு மருந்துகளோடு சேரும்போது அது கல்லீரலைப் பாதிக்கவும் கூடும்.

இம்மாவட்டத்துக்கு உரிய தீர்ப்பு

ஆகவே, இன்றைய சான்றுகளின்படி, மூளைக்காயத்துக்குக் கஞ்சா மெய்ப்பிக்கப்பட்ட மருந்து அன்று. ஆராயத்தக்க ஒரு சாத்தியம் மட்டுமே. மலையிலிருந்து வந்தது என்று சொல்லி விற்கப்படும் பொட்டலமும், வலைத்தளத்தில் விளம்பரம் செய்யப்படும் எண்ணெயும், அடிபட்டவரின் குடும்பத்துக்குப் பணச்செலவையும் சட்டச் சிக்கலையும் உடற்கேட்டையும் தருமேயன்றி, மருந்தாகா. அதே வேளையில், சாத்தியத்தை ஆராயாமலே கதவை அடைப்பதும் நேர்மையன்று. பாளையங்கோட்டையில் 1964இல் தோன்றிய சித்த மருத்துவக் கல்லூரியும், மதுரையின் அரசு மருத்துவமனையும், 2022இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் ஒரே வட்டாரத்தில் இருக்க, 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஆய்வுக்கு அளித்த விலக்கைப் பயன்படுத்தி, தரப்படுத்திய பொருளைக் கொண்டு, 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, நோயாளியின் முழு ஒப்புதலோடும் இழப்பீட்டு உறுதியோடும் ஆய்வு நடத்த இயலும். வறுமையால் ஆலைக்குச் சென்றவர்களை வறுமையால் பரிசோதனைக்கும் இழுக்கும் நிலை மட்டும் வரக்கூடாது.

அந்த ஆய்வு முடியும்வரை காத்திருக்க வேண்டாத பணிகள் பல உண்டு. 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும் 1950இல் சென்னையில் பா. இராமமூர்த்தியும் நரம்பியல் அறுவை மருத்துவத்துக்கு அடித்தளமிட்ட மாநிலம் இது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் திட்டத்தை 2021இல் தொடங்கிய மாநிலமும் இதுவே. சாலை விபத்துக்கு உள்ள அவ்வேகம் ஆலை விபத்துக்கும் கிடைக்க வேண்டும். வெடிவிபத்தில் தப்பிய ஒவ்வொருவருக்கும் தீக்காயத்தோடு மூளையின் நிலையும் பரிசோதிக்கப்பட்டுப் பதியப்பட வேண்டும். மறதியும் வலிப்பும் குணக்கேடல்ல, காயத்தின் தொடர்ச்சி என்பது இழப்பீட்டைக் கணக்கிடும் அதிகாரிக்கும் வீட்டாருக்கும் தெரிய வேண்டும். நெடுநாள் மறுவாழ்வுச் சிகிச்சை மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அறைக்கு இத்தனை பேர் என்ற விதி எழுத்தளவில் நில்லாமல் ஒவ்வோர் ஆலையிலும் நடைமுறையாக வேண்டும். முதல்நிலைச் சேதத்துக்கு உலகில் எந்தச் செடியிலும் மருந்தில்லை. அதைத் தடுப்பது விபத்தைத் தடுப்பதால் மட்டுமே கைகூடும்.